மடக்குற போனுக்கு ஃபிளாஷ் கன்ட்ரோல் டிசைன் பண்றது எப்படி: லைட் யாரைப் பாத்து அடிக்குதுங்கறதுல இருந்து ஆரம்பிங்க

போன மாசம் ஒரு ராத்திரி வீட்ல கரண்ட் போச்சு. அம்மா கைல ஃபிளிப் டைப் போன் (நடுவுல குறுக்கா மடங்கறது), மூடித்தான் வெச்சிருந்தாங்க, வெளிப்பக்கம் இருக்கற சின்ன ஸ்க்ரீன்ல டார்ச் பட்டனைத் தட்டுனாங்க, அடுத்த செகண்டே "ஐயோ, கண்ணு!"ன்னு ஒரு கத்து. போனைத் தூரப் போட்டுட்டு அஞ்சு நிமிஷம் கண்ணைக் கசக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அந்த டார்ச் பட்டன் நான் எழுதுன ஆப்ல இருந்து வந்தது. திட்டு வாங்குனதும் நான்தான்.

என்ன ஆச்சுன்னா, ஃபிளிப் போனை மூடுனா வெளி ஸ்க்ரீனும் எல்ஈடியும் ஒரே பக்கம் இருக்கும், நடுவுல ரெண்டு விரல் இடைவெளிகூட கிடையாது, அப்போ பட்டனைப் பாத்துட்டு இருக்கற கண்ணுக்குள்ளதான் லைட் நேரா வந்து விழும். சாதா போன்ல இந்தப் பிரச்சனையே வராது, ஸ்க்ரீன் முன்னாடி, லைட் பின்னாடி, நீங்க பாக்கறதுக்கு எதிர்ப்பக்கம்தான் எப்பவும் அடிக்கும். இத்தனை வருஷமா நாம எல்லாரும் டிசைன் பண்ண டார்ச் பட்டன் எல்லாமே யாரும் வாய்விட்டுச் சொல்லாத இந்த ஒரே கணக்கு மேலதான் நிக்குது. மடக்குற போன்ல அந்தக் கணக்கு உடைஞ்சு போச்சு. லைட் எந்தப் பக்கம் பாக்குதுங்கறது போன் எப்படி மடங்கிருக்குன்றதைப் பொறுத்து மாறும், அதனால பிரைட்னஸ் எவ்ளோ, ஐக்கான் எப்படி இருக்கணும் இதெல்லாம் அப்புறம், லைட் இப்ப யாரைப் பாத்து இருக்குன்ற கேள்விக்கு மொதல்ல பதில் கண்டுபிடிக்கணும்.

நான் ஆண்ட்ராய்டுலதான் வேலை பாக்கறேன், அதனால கீழ வர்றது எல்லாம் ஆண்ட்ராய்டு கணக்குதான். ப்ரோகிராம் கோடு எழுதாத டிசைனர்களும் படிக்கலாம், படி 2-ஐ மட்டும் மேலோட்டமா பாத்துட்டுத் தாண்டிப் போங்க.

படி 1: போனைக் கைல வெச்சு ஒரு படம் வரைங்க

கம்ப்யூட்டரைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்க. போனை எத்தனை விதமா வெக்க முடியுமோ அத்தனை விதத்துலயும் வெச்சுப் பாத்து, ஒவ்வொண்ணுலயும் எல்ஈடி எங்க பாக்குது, ஆளோட கண்ணு எங்க இருக்கு, கட்டை விரல் எங்க இருக்குன்னு மூணே மூணு அம்புக்குறி போடுங்க. எனக்கு இதுக்கு ஒரு மணி நேரம் ஆச்சு, மொத வெர்ஷன் பண்றப்பவே இதைச் செஞ்சிருந்தா அம்மாகிட்ட திட்டு மிச்சம்.

ஃபிளிப் டைப்ப எடுத்துக்கங்க. முழுசாத் திறந்தா அது சாதா போன்தான், ஒரு கவலையும் இல்ல. மூடுனா லைட்டும் வெளி ஸ்க்ரீனும் உங்களைத்தான் பாக்கும். மூடி, வெளி ஸ்க்ரீன் மேல இருக்கற மாதிரி மேசைல வெச்சா லைட் சீலிங்கைப் பாக்கும், இது நெஜமாவே அருமையான நிலை, வெள்ளைச் சுண்ணாம்பு அடிச்ச சீலிங்னா ரூம் முழுக்க மெத்துனு வெளிச்சம் பரவும். கவுத்து வெச்சா லைட் மேசைக்குள்ள போகும், வெளிச்சமும் வீண், சூடும் வெளிய போக வழி இல்ல. இன்னொண்ணு எல் ஷேப்ல பாதி திறந்து நிக்க வெக்கறது, கீழ்ப்பாதி மேசைல படுத்திருக்கும், மேல்பாதி நிமிந்து நிக்கும், எல்ஈடி மேல்பாதியோட முதுகுல இருக்கறதால உங்களுக்கு எதிர்ப்பக்கம் அடிக்கும்.

புக் மாதிரி திறக்கற ஃபோல்டு டைப் வேற ரகம். மூடியிருந்தா கொஞ்சம் தடிச்ச சாதா போன். திறந்தா, சாம்சங் ஃபோல்டு மாதிரி போன்ல கேமராவும் எல்ஈடியும் வலது பாதியோட முதுகுல, வெளி ஓரத்துக்குப் பக்கத்துல வரும், அதாவது வலது கை விரல் பிடிக்கற இடத்துக்கு கிட்டயே. ரெண்டு கைல பிடிச்சுட்டு டார்ச் போட்டா லைட் எரியுது ஆனா வெளிச்சம் வரல, என்னடான்னு பாத்தா நடுவிரல் மூடிட்டு இருக்கும், விரல் ஓரத்துல செவப்பா தெரியும்.

அதே ஃபோல்டை முழுசாத் திறக்காம புக் மாதிரி பாதி மடக்கிப் பிடிச்சா இன்னொரு வேடிக்கை. 180 டிகிரிங்கறது தட்டையா திறந்த நிலை. 120 டிகிரில பிடிச்சிருக்கீங்கன்னா ஒவ்வொரு பாதியும் 30 டிகிரி சாஞ்சிருக்கு, எல்ஈடி வலது பாதில இருக்கறதால லைட் நேரா போகாம 30 டிகிரி வலது பக்கம் ஒதுங்கிப் போகும். ஒரு மீட்டர் தள்ளி இருக்கற செவுத்துல அது கிட்டத்தட்ட 58 சென்டிமீட்டர் வலது பக்கம் தள்ளி விழும். படிக்கட்டுல இறங்கறவருக்கு முன்னாடி இருக்கற படி தெரியாது, பக்கத்துச் செவுரு நல்லாத் தெரியும்.

அப்புறம் ரியர் செல்ஃபி. திறந்த ஃபோல்டைத் திருப்பிப் பிடிச்சு, பின் கேமராவால தன்னையே எடுத்துக்கறது, வெளி ஸ்க்ரீன்ல பிரிவியூ தெரியும். இங்கயும் எல்ஈடி மூஞ்சிக்கு நேராத்தான்.

இத்தனையும் வரைஞ்சு முடிச்சீங்கன்னா லைட் போற திசை நாலே நாலுதான்னு தெரியும்: ஆளுக்கு எதிர்ப்பக்கம், ஆளோட மூஞ்சிக்கு, மேல சீலிங்குக்கு, ஏதாவது ஒரு பரப்புல அமுங்கி. இந்த நாலுக்கும் பேரு வெச்சுக்கங்க, டீம்ல எல்லாரும் அதே பேரைச் சொல்லணும். நாங்க ‘அங்க, இங்க, மேல, அடைப்பு’ன்னு வெச்சிருக்கோம். புது மாடல் வர வர நிலைகள் கூடிட்டே போகும், திசை மட்டும் இந்த நாலுதான், அதனால டிசைனைத் திசைக்குப் பண்ணுங்க, மாடலுக்குப் பண்ணாதீங்க.

படி 2: போன் எப்படி மடங்கிருக்குன்னு சாஃப்ட்வேர்ல தெரிஞ்சுக்கறது

ஆண்ட்ராய்டு ஆப் எழுதறவங்களுக்கு கூகுள் தர்ற ஜெட்பேக் விண்டோமேனேஜர் லைப்ரரில விண்டோஇன்ஃபோட்ராக்கர்னு ஒண்ணு இருக்கு, அது ஃபோல்டிங்ஃபீச்சர்னு ஒரு தகவல் தரும். அதுல ஸ்டேட் ரெண்டு, ஃபிளாட் (தட்டையா திறந்தது), ஹாஃப் ஓப்பன்ட் (பாதி திறந்தது). மடிப்பு கிடையா போகுதா செங்குத்தா போகுதான்னும் சொல்லும். ஹாஃப் ஓப்பன்ட், மடிப்பு கிடைமட்டம்னா டேபிள்டாப், அதாவது குட்டி லேப்டாப் மாதிரி. ஹாஃப் ஓப்பன்ட், மடிப்பு செங்குத்துன்னா புக்.

இதுல ஒரு பொறி இருக்கு. போனை மூடி வெளி ஸ்க்ரீன்ல ஆப் ஓடறப்போ ஃபோல்டிங்ஃபீச்சரே வராது, லிஸ்ட் காலியா இருக்கும், ஏன்னா அந்த சின்ன ஸ்க்ரீன்ல மடிப்பே இல்லல்ல. சாதா போன்லயும் லிஸ்ட் காலிதான். அப்போ உங்க கோடு மூடுன ஃபிளிப்பைப் பாத்து ‘ஓ, சாதா போன்’னு நெனச்சுக்கும், முழு பவர்ல லைட்டைப் போடும். எங்க அம்மா கண்ணு கூசுனது சரியா இந்த இடத்துலதான். அதனால ஹிஞ்ச் ஆங்கிள் சென்சாரையும் கேளுங்க, ஆண்ட்ராய்டு 11-ல இருந்து இருக்கு, ரெண்டு பாதிக்கும் நடுவுல எத்தனை டிகிரின்னு சொல்லும். சென்சார் இருக்கு, ஆங்கிள் பூஜ்யத்துக்கு கிட்ட இருக்குன்னா அது மூடுன மடக்கு போன். ஆனா எல்லாத்தையும் இந்த நம்பரை வெச்சே முடிவு பண்ணாதீங்க, ஒவ்வொரு மாடல்லயும் இதோட துல்லியம் ஒவ்வொரு மாதிரி. பாதி திறந்த நிலையா இல்லையான்றதுக்கு ஃபோல்டிங்ஃபீச்சர் சொல்றதையே நம்புங்க, மூடியிருக்கான்றதுக்கு மட்டும் ஆங்கிள்.

மேசைல படுத்திருக்கா நிக்குதான்னு தெரிய கிராவிட்டி சென்சார் போதும். தட்டையா கிடந்தா இசட் அச்சுல 9.8-க்கு கிட்ட வரும், பிளஸ்ஸா மைனஸான்றது எந்தப் பக்கம் மேல இருக்குன்னு சொல்லும். ஆனா சென்சார் எந்தப் பாதில உக்காந்திருக்கு, நீங்க பாக்கற இசட் எந்தப் பாதிக்குச் சொந்தம்னு கைல போனை வெச்சு ஒரு தடவை சோதிச்சுக்கங்க, டாக்குமென்ட்டைப் படிச்சு ஊகிக்காதீங்க.

படி 3: திசைக்கு ஏத்த ஆரம்ப வெளிச்சம்

இப்பதான் பிரைட்னஸ். தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் நாலுல ஒரு பங்கா குறையும், ஸ்கூல்ல படிச்சதுதான். அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. 3 மீட்டர் தள்ளி இருக்கற தெருவைக் காட்டறதுக்கு வெச்ச பவர், 30 சென்டிமீட்டர்ல இருக்கற கண்ணுல நூறு மடங்கா விழும். கண்ணு இருட்டுக்குப் பழகியிருந்தா இன்னும் மோசம், முழுசாப் பழக 20, 30 நிமிஷம் ஆகும், அதை ஒரே செகண்ட்ல கெடுத்துடலாம்.

அதனால நான் வெச்சிருக்கறது இப்படி. ‘அங்க’ன்னா கடைசியா ஆள் வெச்ச அளவு. ‘மேல’ன்னா முழு அளவு, சீலிங்ல பட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள நெறைய போயிடும். ‘இங்க’ன்னா இருக்கறதுலயே குறைஞ்ச அளவு, அதுவும் படக்னு வராம அரை செகண்ட்ல மெதுவா ஏறணும், கண்ணைத் திருப்பிக்க அந்த அரை செகண்ட் போதும். ‘அடைப்பு’ன்னா போடவே வேணாம், "லைட் கீழ பாத்து இருக்கு, திருப்பி வைங்க"ன்னு ஒரு வரி காட்டுங்க, கூடவே ‘பரவால்ல, போடு’ன்னு ஒரு பட்டனும் வைங்க. ஏன்னா கண்ணாடி மேசைக்கு அடில லைட் அடிக்கறவரும் உலகத்துல இருப்பாரு, நாம யாரு தடுக்க.

அளவை மாத்தறது ஆண்ட்ராய்டு 13-ல இருந்துதான் எல்லாருக்கும் கிடைச்சுது, டர்ன் ஆன் டார்ச் வித் ஸ்ட்ரெங்த் லெவல்னு நீளமா ஒரு ஃபங்ஷன். மொதல்ல அந்த போனோட மேக்ஸிமம் லெவல் என்னன்னு கேளுங்க. 1-னு வந்தா அந்த போன்ல அளவு மாத்த முடியாது, எரியும் இல்லன்னா எரியாது, அவ்ளோதான், அப்ப ஸ்லைடரைக் காட்டவே கூடாது. இழுத்தா ஒண்ணும் நடக்காத ஸ்லைடர் மாதிரி எரிச்சல் வேற இல்ல. அந்த மாதிரி போன்ல ‘இங்க’ திசைக்கு எல்ஈடிய விட்டுட்டு வெளி ஸ்க்ரீனையே வெள்ளையாக்கி லைட்டா குடுங்க, சாவித் துவாரம் தேடறதுக்கு அது தாராளம். இன்னொண்ணு, டார்ச்சை அணைச்சா லெவல் மறுபடி டீஃபால்ட்டுக்குப் போயிடும், சிஸ்டம் ஞாபகம் வெச்சுக்காது, கடைசி அளவை நீங்கதான் சேத்து வெக்கணும், அதுவும் ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியா.

சுத்துப்புற வெளிச்சத்தைப் பாத்து தானா கூட்டிக் குறைக்கலாமேன்னு தோணும். எனக்கும் தோணுச்சு, பண்ணேன், அசிங்கப்பட்டேன். லைட் சென்சார் லக்ஸ்ங்கற வெளிச்ச அளவுல நம்பர் தரும், பௌர்ணமி நிலாவுக்கு கால் லக்ஸ் மாதிரி, ஆபீஸ் ரூமுக்கு 300, 500, உச்சி வெயில்ல ஒரு லட்சம். இருட்டுல நம்ம டார்ச் எரியும், செவுத்துல பட்டுத் திரும்பி அதே சென்சார்ல விழும், சென்சார் ‘வெளிச்சம் வந்துடுச்சு’ன்னு சொல்லும், ஆப் டார்ச்சைக் குறைக்கும், உடனே சென்சார் ‘இருட்டாயிடுச்சு’ங்கும், ஆப் கூட்டும். பேய் வீட்டு பல்பு மாதிரி மினுக்கிட்டே இருந்துச்சு. போதாக்குறைக்கு மூடுன போன்ல உள்பக்கம் இருக்கற சென்சார் இருட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கும், அது எப்பவும் நடுராத்திரின்னுதான் சொல்லும், அந்தக் குழப்பம் வேற.

இப்ப நான் பண்றது: போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை சென்சாரைப் படிக்கறது, ஆரம்ப அளவு முடிவு பண்றது, அதுக்கப்புறம் சென்சார் பக்கமே திரும்பறதில்ல. தானா எறக்கலாம், தானா ஏத்தவே கூடாது, இது எங்க டீம்ல எழுதி ஒட்டியிருக்கற ரூல். ஆள் கைய வெச்சு ஸ்லைடரை இழுத்துட்டாரா, அந்தத் திசை மாறுற வரைக்கும் ஆட்டோ வாயைத் திறக்கக் கூடாது.

படி 4: ஸ்லைடர்

கண்ணு வெளிச்சத்தை நேர்கோட்டுல உணராது. 10-ல இருந்து 20 போனா பெரிய வித்தியாசமா தெரியும், 90-ல இருந்து 100 போனா ஒண்ணும் தெரியாது. அதனால மேக்ஸிமம் 100 இருக்கற போன்ல 20, 40, 60, 80, 100-னு பிரிக்காதீங்க, 3, 8, 20, 45, 100 மாதிரி பிரிங்க. அஞ்சு படி போதும், நூறு படில யாரும் நிறுத்த மாட்டாங்க. ஒவ்வொரு படிக்கும் விரல்ல ஒரு சின்ன வைப்ரேஷன் வரட்டும், இருட்டுல ஸ்க்ரீனைப் பாக்காமலே எண்ணிக்கலாம். வெளி ஸ்க்ரீன்ல ஸ்லைடரே வேணாம், இடம் பத்தாது, பெரிய பட்டன் ஒண்ணு, தட்டத் தட்ட அடுத்த அளவு, அழுத்திப் பிடிச்சா அணையும்.

படி 5: போட்டோ ஃபிளாஷை டார்ச்சோட குழப்பிக்காதீங்க

நெறைய பேர் தப்பு பண்ற எடம் இது. டார்ச் எனக்காக எரியுது, ஃபிளாஷ் எதிர்ல இருக்கறவருக்காக. ஸ்க்ரீன் பக்கம் இருக்கற லைட் சென்சார் என் மூஞ்சில இருக்கற வெளிச்சத்தை அளக்கும், கேமரா பாக்கற இடத்தோட வெளிச்சம் அதுக்குத் தெரியாது. கல்யாண மண்டபத்துல நான் இருட்டான ஓரத்துல நின்னுட்டு லைட்டு போட்ட மேடையைப் படம் எடுத்தா, சென்சாரை நம்புன ஆப் ஃபிளாஷ் அடிக்கும், மேடைக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, முன் வரிசைல இருக்கறவங்க தலை மட்டும் வெள்ளையா வரும். போட்டோவுக்கு கேமராவோட சொந்த அளவையே கேளுங்க, கேமரா தானா வெளிச்சம் அளக்கற ஆட்டோ எக்ஸ்போஷர் ஸ்டேட்ல ‘ஃபிளாஷ் ரெக்வயர்ட்’ (ஃபிளாஷ் வேணும்)னு தனியா ஒரு பதிலே இருக்கு.

‘இங்க’ திசைல, அதாவது மூடுன ஃபிளிப்லயும் ரியர் செல்ஃபிலயும், ஃபிளாஷ் டீஃபால்ட்டா ஆஃப்ல இருக்கட்டும். கை நீட்டுற தூரம் அரை மீட்டர்தான், ரெண்டு மீட்டருக்கு வெச்ச ஃபிளாஷ் அங்க 16 மடங்கா விழும், மூக்கும் நெத்தியும் எண்ணெய் தேச்ச மாதிரி மின்னும். ஆள் வேணும்னே ஆன் பண்ணா, குறைஞ்ச அளவுல அடிங்க. ஆண்ட்ராய்டு 15-ல படம் எடுக்கறப்பவே ஃபிளாஷ் அளவைச் சொல்ற வசதி வந்திருக்கு, போன் சப்போர்ட் பண்ணா பயன்படுத்துங்க. கூடவே 3, 2, 1-னு கவுன்ட்டவுன் காட்டுங்க, கண்ணு தயாராயிடும்.

ஸ்க்ரீனையே ஃபிளாஷா பயன்படுத்தறது ஆண்ட்ராய்டு கேமரா லைப்ரரியான கேமராஎக்ஸ் 1.4-ல ரெடியாவே இருக்கு, ஃபிளாஷ் மோட் ஸ்க்ரீன்னு பேரு. மடக்கு போன்ல இது ரொம்ப நல்லா வேலை செய்யும், 7.6 இன்ச் ஸ்க்ரீன்னா சின்ன ஸ்டூடியோ லைட்டு மாதிரி. ஆனா டேபிள்டாப் (குட்டி லேப்டாப் மாதிரி பாதி திறந்த) நிலைல ஒரு விஷயம், எல்லாருக்கும் மொதல்ல வர்ற ஐடியா மேல்பாதில பிரிவியூ, கீழ்ப்பாதி முழுக்க வெள்ளை லைட்டு. நானும் அதைத்தான் பண்ணேன். எடுத்துப் பாத்தா மூஞ்சிக்குக் கீழ இருந்து வெளிச்சம், தாடையும் மூக்குத் துவாரமும் வெளுத்து, கண்ணுக்கு மேல கருப்பா நிழல். சின்ன வயசுல டார்ச்சைத் தாடைக்குக் கீழ பிடிச்சு தங்கச்சிய பயமுறுத்துவோம்ல, அதே லைட்டிங். என் மச்சினிச்சி பாத்துட்டு, "மாமா, இது பட்ஜெட்டு இல்லாத பேய்ப் படம் மாதிரி இருக்கு"ன்னா. நிமிந்து நிக்கற மேல்பாதிலதான் பிரிவியூவைச் சுத்தி அகலமா ஒரு வெள்ளை ஃபிரேம் வைங்க, கீழ்ப்பாதி இருட்டா இருக்கட்டும். வெள்ளையிலயும் கொஞ்சம் மஞ்சள் கலந்தா நம்ம தோல் நிறத்துக்கு உயிர் வரும், நீலம் கலந்த வெள்ளை எல்லாரையும் காய்ச்சல்காரர் ஆக்கிடும்.

படி 6: பட்டன் எங்க வரணும்

டேபிள்டாப்ல எல்லா பட்டனும் கீழ்ப்பாதில. மேல்பாதியைத் தொட்டா போன் ஆடும், சமயத்துல பின்னாடி சாஞ்சே போயிடும். மடிப்பு மேல எதையும் வெக்காதீங்க, அங்க விரல் பள்ளத்துல இறங்கற மாதிரி இருக்கும். ஃபோல்டிங்ஃபீச்சர் மடிப்போட எல்லையைத் தரும், ஆனா வளையற ஸ்க்ரீன்ல அந்த எல்லைக்கு அகலம் பூஜ்யம்னு வரலாம், ஏன்னா கணக்குப்படி அங்க பிக்ஸல் எதுவும் மறையல. நாமதான் ரெண்டு பக்கமும் 24 டிபி (ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன் நீள அளவு) விட்டுக்கணும். பட்டன் அளவு குறைஞ்சது 48 டிபி, இருட்டுல தட்டற பட்டன்னா நான் 64 வெப்பேன்.

ஃபோல்டைத் திறந்தா பட்டன் வலது ஓரத்துலயா இடது ஓரத்துலயா? வலதுபக்கம்னுதான் கை போகும், ஆனா எல்ஈடி அந்தக் கை விரலுக்குப் பின்னாடி இருக்கு. பட்டனை வலது பாதியோட கீழ்மூலைக்கு இறக்கி வெச்சா கையும் தானா கீழ இறங்கும், எல்ஈடி திறந்துக்கும். இதை நான் யோசிச்சுக் கண்டுபிடிக்கல, பட்டனைத் தெரியாம கீழ வெச்ச ஒரு பில்டுல (ஆப்போட ஒரு வெர்ஷன்) விரல் மறைக்கற கம்ப்ளைன்ட் நின்னு போச்சு, அப்புறம்தான் காரணம் புரிஞ்சுது.

ஸ்க்ரீன் வெளிச்சத்தையும் மறந்துடாதீங்க. போன வாரம் மாமா ஃபியூஸ் கேரியரைக் கழட்டிக் கம்பி மாத்திட்டு இருந்தாரு, நான் ஃபிளிப்பை எல் ஷேப்ல ஸ்டூல் மேல வெச்சு மீட்டர் போர்டைப் பாத்து டார்ச் போட்டேன். லைட் போர்டுல சரியா விழுது, ஆனா மாமா "மாப்ள, அந்த ஸ்க்ரீனை அணைடா, கண்ணு கூசுது, ஓட்டை தெரியல"ன்னாரு. டார்ச் அங்க அடிக்குது, மெயின் ஸ்க்ரீன் வெள்ளை பேக்ரவுண்டோட அவரு மூஞ்சிக்கு அடிச்சுட்டு இருக்கு. டார்ச் எரியறப்போ கன்ட்ரோல் பக்கம் முழுக் கருப்பா இருக்கணும், ஐக்கான் மங்கலான செவப்பு இல்ல ஆரஞ்சுல இருக்கட்டும், இருட்டுக்குப் பழகுன கண்ணை செவப்பு கம்மியாத்தான் கெடுக்கும். அந்த விண்டோவோட ஸ்க்ரீன் பிரைட்னஸையும் கோடுலயே எறக்கிடலாம்.

படி 7: எரியறப்பவே மடக்குனா?

போனைத் திறந்து டார்ச் போட்டுட்டு நடக்கறாரு, ஒரு கைல பை இருக்கு, போனைப் பட்டுன்னு மூடறாரு. இப்ப லைட் அணையணுமா? ஃபோல்டு டைப்ல அணையக் கூடாது, திசை மாறல. ஃபிளிப்ல திசை ‘அங்க’ல இருந்து ‘இங்க’க்கு மாறுது, எரியட்டும், ஆனா அளவு எறங்கணும்.

ஆனா பெரும்பாலான ஆப்ல அணைஞ்சுதான் போகும், ஏன்னா மடக்குறப்போ ஸ்க்ரீன் சைஸ் மாறி ஆக்டிவிட்டி (ஆப்போட ஒரு பக்கம்) செத்து மறுபடி பொறக்கும், நம்மாளு அந்தப் பக்கம் மறையறப்போ ஓடற ஆன்ஸ்டாப்ல ‘டார்ச் ஆஃப்’னு நல்லெண்ணத்துல எழுதி வெச்சிருப்பாரு. டார்ச் நிலையை ஆக்டிவிட்டிகிட்ட குடுக்காதீங்க, அதுக்கு வெளிய ஒரு இடத்துல வைங்க, ஆக்டிவிட்டி வெறும் கண்ணாடி மாதிரி அதைக் காட்டட்டும். டார்ச் நிலை மாறுனா சிஸ்டம் சொல்ற டார்ச்கால்பேக்கைப் பதிஞ்சு வெச்சா வேற யாராவது, உதாரணத்துக்கு குவிக் செட்டிங்ஸ்ல இருந்து, அணைச்சாலும் உங்க பட்டனுக்குத் தெரியும். அப்புறம் உங்க ப்ராசஸ் (ஓடிட்டு இருக்கற ஆப்) செத்தா சிஸ்டமே டார்ச்சை அணைச்சுடும், அதையும் கணக்குல வெச்சுக்கங்க.

மூடற அந்த ஒரு செகண்ட்ல ஆங்கிள் 180, 140, 90, 30-னு ஓடும், ஒவ்வொண்ணுக்கும் அளவை மாத்துனா மினுக்கும். ஆங்கிள் ஆடாம 300 மில்லிசெகண்ட் நின்னதுக்கப்புறம் முடிவெடுங்க. ‘இங்க’க்கு எறக்கறதுக்கு மட்டும் காத்திருக்காதீங்க, கண்ணு விஷயம்.

படி 8: லைட் வராத நேரம்

வேற ஆப் கேமராவைப் பிடிச்சு வெச்சிருந்தா டார்ச் போட முடியாது, கால்பேக்ல ‘அன்அவெய்லபிள்’னு வரும். அப்ப பட்டனை மங்கலாக்கி விட்டுட்டா போதாது, "கேமரா வேற ஆப்ல ஓடுது"ன்னு காரணத்தை எழுதுங்க, வீடியோ கால்ல இருக்கறவருக்குப் புரிஞ்சுடும். போன் சூடானா தெர்மல் ஸ்டேட்டஸ் கேட்டு நீங்களே ஒரு படி எறக்குங்க, சிஸ்டம் வெடுக்குனு பிடுங்கற வரைக்கும் விடாதீங்க. மூடுன போன் பாக்கெட்ல இருக்கறப்போ பட்டன் தட்டுப்பட்டா, வெளிப்பக்கம் பிராக்ஸிமிட்டி சென்சார் (கிட்ட ஏதாவது மறைக்குதான்னு பாக்கறது) இருந்து, அது ‘மூடியிருக்கு’ன்னு சொன்னா போடாதீங்க. தொடைல சுடும்.

மினுக்கற லைட், எஸ்ஓஎஸ் எல்லாம் வெச்சா ஒரு செகண்டுக்கு மூணு தடவைக்கு மேல மினுக்க வேணாம், வலிப்பு வர்றவங்களுக்கு ஆபத்து, வெப் அணுகல் விதிகள்லயும் இதே மூணுதான் எல்லை. எஸ்ஓஎஸ்ஸை மோர்ஸ்ல அனுப்பறப்போ புள்ளிக்கு 200 மில்லிசெகண்ட், இடைவெளிக்கு 200, கோட்டுக்கு 600-னு வெச்சா செகண்டுக்கு ரெண்டரை தடவைதான் வரும், மோர்ஸும் சரியா இருக்கும். ஸ்க்ரீனை வாசிச்சுச் சொல்ற டாக்பேக் பயன்படுத்தறவங்களுக்கு "டார்ச், ஆன்"னு மட்டும் சொல்லாம "ஆன், உங்க பக்கம் பாத்து எரியுது"ன்னு சொல்ல வைங்க. பார்வை கம்மியானவங்களுக்கு எதிர்ல இருக்கறவர் கண்ணுல அடிக்கறோமான்னு தெரிய வேற வழி கிடையாது.

படி 9: சோதனை

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ எமுலேட்டர்ல (கம்ப்யூட்டர்ல ஓடற போலி போன்) மடக்கு போன் இருக்கு, ஹிஞ்ச் ஆங்கிளை ஸ்லைடர்ல இழுத்துப் பாக்கலாம், லேஅவுட் சரியா இருக்கான்னு பாக்க அது போதும். வெளிச்சத்தை எமுலேட்டர் காட்டாது. நெஜ போனை எடுத்துட்டு ராத்திரி பாத்ரூம்ல லைட்டை அணைச்சுட்டு நில்லுங்க, பத்து நிமிஷம் சும்மா நில்லுங்க, கண்ணு பழகட்டும், அப்புறம் மூடுன நிலைல டார்ச்சைத் தட்டுங்க. கண்ணைச் சுருக்குனீங்கன்னா அளவு அதிகம். கண்ணாடியைப் பாத்துத் தட்டுங்க, எதிர்ல நிக்கறவருக்கு எப்படி இருக்கும்னு தெரியும். ஒரு கைல தண்ணிக் குடம் மாதிரி ஏதாவது கனமா பிடிச்சுட்டு இன்னொரு கையால மடக்கி, திறந்து, அணைச்சுப் பாருங்க. ஈரக் கையோடவும் பாருங்க.

கடைசியா வீட்ல இருக்கற பெரியவங்ககிட்ட குடுங்க, ஒண்ணும் சொல்லிக் குடுக்காதீங்க. நான் புது பில்டை அம்மாகிட்ட நீட்டுனேன். வாங்கல. "நீயே மொதல்ல உன் கண்ணுல அடிச்சுப் பாரு"ன்னாங்க. அடிச்சுக் காமிச்சதுக்கப்புறம்தான் கைநீட்டி வாங்குனாங்க, அப்பவும் ஒரு கண்ணை மூடிட்டுத்தான் தட்டுனாங்க.